ஒரு வாரம் தண்ணீர் கூடாது

ஆஸ்ட்ராவாவில் மார்ச்.
பனியும் இல்லாமல் மழையும் இல்லாமல்
நடுவில் ஏதோ ஒன்று
டிராம் கம்பிகளில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
யார்மிலா சமையல் மேசையில்
சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளை விரிக்கிறாள்.
பன்றித் தொடை பாதி விலை என்கிற பக்கத்தின் மேல்
ஆர்க்கிட் தொட்டி.

இரண்டு முறை பூத்தது.
பிறகு மூன்று வருடம்
வாடகை தராத குடித்தனம்.

"இருநூறு கொருனாவுக்குப் புதுசே கிடைக்குமே!"
உள்ளறையிலிருந்து ஓதாகர். ஹாக்கி ஓடுகிறது.
அவள் காதில் வாங்கவில்லை.
பதினெட்டு வருடம் பல் ஆஸ்பத்திரியில்
உறிஞ்சுகுழல் பிடித்து நிற்பவள்.
பிடுங்கிவிடுங்கள் என்று கெஞ்சுகிறவர்களைப்
பார்த்துப் பழக்கம்.

கத்தரியைக் கொதிக்கவைத்தாள்.
தொட்டியை அமுக்கி அமுக்கி நெகிழ்த்தினாள்.
வரவில்லை.
அடித் துளை வழியே நழுவிய ஒரு வேர்
வெளியிலிருந்து தொட்டியைக் கட்டிப்பிடித்திருந்தது.
தொட்டியைத்தான் வெட்டினாள்.

மக்கிய மரப்பட்டை, நிலவறை நாற்றம்.
செத்த வேரை இழுத்தால்
உறை மட்டும் கையோடு வருகிறது,
உள்ளே நூலாய் ஒரு நரம்பு.
உயிருள்ளது விரலை எதிர்க்கிறது.

எல்லா வேரும் கூடுமிடத்தில்
அது இருந்தது:
தீப்பெட்டி அளவு பாசிக் கட்டி,
சுற்றிலும் பிளாஸ்டிக் வலை.
நாற்றாக இருந்தபோது
எந்தக் கண்ணாடிக் கூடத்திலோ
எந்தக் கையோ கட்டிவிட்ட தூளி.
மறந்துவிட்டதா, வேண்டுமென்றே விட்டதா.
ஈரம் தேங்கி அழுகியது அங்கேதான்.
செடியைத் தாங்குகிற வேர்கள் நுழைந்திருப்பதும்
அதற்குள்தான்.

டாக்டர் ஸ்மேகால் என்ன செய்வார்?
முனை உடைந்து தாடைக்குள் தங்கிவிட்டால்,
குடைந்தால் நரம்பு போகுமென்றால்,
படம் எடுப்பார், கோப்பில் எழுதுவார்,
விட்டுவிடுவார்.

இடுக்கியால் பாசியை
இழை இழையாய் உருவினாள்.
வலையில் இரண்டு கண்ணிகளை நறுக்கினாள்.
யோசித்து, இன்னொன்று.
மிச்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

வெட்டுவாய்களில் இலவங்கப்பட்டைத் தூள்.
மணம் பிடித்து எட்டிப் பார்த்தான் ஓதாகர்:
"கேக்கா?"

புதுத் தொட்டி, ஊறவைத்த புதுப் பட்டை.
செடி ஆடியது.
குச்சி நட்டு
பல்லிடுக்கு நூலால் கட்டினாள்,
புதினா வாசனை நூல்.

"பிழைக்குமா?"

கையுறையைக் கழற்றும்போது
வேலையிடத்துக் குரல் தானாக வந்துவிட்டது.
"ஒரு வாரத்துக்குத் தண்ணீர் கூடாது.
அந்தப் பக்கம் அழுத்தம் வேண்டாம்.
வலித்தால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள்."

சரியென்று தலையாட்டிய ஓதாகர்
திரும்பி நடந்தவன் நின்று
செடியை ஒருமுறை பார்த்தான்,
அது ஏதாவது சொல்லும் என்பதுபோல.