ரிகோத்தி இறக்கத்தில் ஒரு பதில்

திபிலீசியிலிருந்து குத்தாயீசிக்குப் போகும் வெள்ளை வேன்.
வாஜாவுக்குக் கை இரண்டுதான்.
ஒன்றில் போன்.
மலைமேல் தேவாலயம் தெரிந்துவிட்டால்
மற்றது மூன்று முறை சிலுவை போடும்.
அவ்வளவு நேரமும் ஸ்டியரிங்கை
முழங்கால் பார்த்துக்கொள்ளும்.

பின்னாலிருந்து திட்டினார்கள்.
திட்டியவர்களும் தலை தூக்கவில்லை,
பதினாறு மடியில் பதினாறு வெளிச்சம்.
"இருபத்திரண்டு வருஷம், ஒரு கீறல் இல்லை" என்றான்.
கண்ணாடியின் விரிசலை நான் பார்த்ததை
அவனும் பார்த்துவிட்டான்.
"அது கல்."

சூராமியில் ரொட்டி விற்பவர்களைத் தாண்டியதும்
எனக்கும் அவனுக்கும் நடுவிலிருந்த தேயோனா,
பல்மருத்துவம் படிக்கிற பெண்,
போனைப் பிடுங்கினாள்.
"நான் படிக்கிறேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

மனைவி நானுலி எழுதியிருந்தாள்:
கேஸ் பில் கட்டினாயா.
உன் அண்ணன் திரும்பவும் வந்தான்.
போன தடவை கேட்டதற்குப் பதில் எங்கே.

போன தடவை என்ன கேட்டாள் என்று
வாஜா சொல்லவில்லை.
காது மட்டும் சிவந்தது.
பாலாடைக்கட்டி வாளியோடு வந்த அம்மாள்
"முதல்ல மன்னிப்புக் கேளு" என்றாள்.
ராணுவச் சட்டைக்காரர் கூடாது என்றார்,
மன்னிப்பை எழுத்தில் மட்டும் தரவே கூடாதாம்.
நான் ஒரு காற்புள்ளி சொன்னேன்.
வேனே கூடி எழுதியது:
"அன்புள்ள நானுலி, தாமதத்துக்கு வருந்துகிறேன்.
வீடு வந்ததும் நிதானமாகப் பேசுவோம்."

பிறகு நாலைந்து கிலோமீட்டர்
இரண்டு கையாலும் ஓட்டினான்,
இரவல் சட்டை போட்டவனைப் போலக் கூச்சத்தோடு.

சுரங்கத்தில் சிக்னல் இல்லை.
வெளியே வந்ததும் மூன்று அதிர்வு.
தேயோனா படித்தாள். பாதியில் குரல் இறங்கியது:
"இது வாஜா இல்லை.
அவன் ஒருநாளும் அன்புள்ள என்று எழுதியதில்லை.
போனை வைத்திருப்பது யார்?
அவன் உயிரோடு இருக்கிறானா?"

இறக்கம். ஈர ரோடு.
எதிரே, துருக்கியிலிருந்து வரும் லாரிகள்
வரிசை முறியாமல்.
"கூப்பிட்டுச் சொல்லட்டுமா" என்று
அவள் கேட்டு முடிப்பதற்குள்
போன் அவன் கைக்குப் போய்விட்டது.

இம்முறை யாரும் திட்டவில்லை.
பதினாறு வெளிச்சமும் அணைந்திருந்தன.
அவனுக்குப் பதிலாக நாங்கள் எல்லோரும்
ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவன் கட்டைவிரல்
எழுத்து எழுத்தாய்த் தேடி
பிழையோடு அடித்தது:
"உயிரோட இருகேன்"