அரைப்பேர்

காசல்ரீயில் இன்று தண்ணீர் சாம்பல் நிறம்.
நோர்வூட் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருக்கிறது.
நான் மிதவை மேடையில், வின்ச்சுக்குப் பக்கத்தில்,
பிளாஸ்டிக் உறைக்குள் கணக்குக் கொப்பியோடு.

முதலில் நீலப் பீப்பாய்களைக் கட்டிப் பார்த்தோம். இருபது.
பதினைந்து மீற்றர் போனதும்
வின்ச்சின் முனகல் திடீரென்று லேசானது.
பாரம் குறைந்துவிட்டதென்று சிரித்தோம்.
பிறகுதான் தெரிந்தது,
கீழே ஒவ்வொன்றாய் நசுங்கிக்கொண்டிருந்தன.
சத்தம் மேலே வரவேயில்லை.
இழுத்தெடுத்தால்
பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடந்தன.
“தண்ணிக்குக் கோபம் இல்லை,” என்றாள் தக்‌ஷிலா,
அவளுடைய பாதித் தமிழில். “பாரம் மட்டும்.”

அதற்குப் பிறகு கொதிகலன்.
மூடிய தொழிற்சாலையின் பின்பக்கம்
பன்னைச் செடிக்குள் கிடந்தது, பழைய இரும்பு விலைக்கு.
சூசைமுத்து ஓட்டையெல்லாம் அடைத்து
சவர்க்கார நுரை பூசி ஊதிப் பார்த்தார்.
ஐம்பது வருடம் நெருப்புத் தின்ற வயிறு,
இனிமேல் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு
இருட்டில் பட்டினி கிடக்க வேண்டும்.

உலகத்தில் வின்ச் மேலே இழுப்பதற்கு.
நாங்கள் கீழே இழுக்கிறோம்.
ஏரியடியில் கொங்கிறீற் கட்டி, அதில் கப்பி,
கப்பி வழியாகக் கம்பிவடம்.
மத்தியான வெயில் கூரைத் தகடுகளில் விழ விழ
வராதே வராதே என்று முரண்டு பிடித்துக்கொண்டு
இருபத்தைந்து மீற்றர் இறங்குகிறது கொதிகலன்.
பிறேக்கைப் போட்டுவிட்டால்
இராத்திரி வரைக்கும் அங்கேயே,
மேலே வரும் ஆசையோடு.

வலை இழுத்துக்கொண்டே மருதவீரன் கேட்டார்:
“கரண்டைத் தண்ணிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களா பிள்ள?
மீனுக்கு ஷொக் அடிக்காதா?”
கரண்ட் இல்லை, ஆசைதான் என்று சொல்லியிருக்கலாம்.
அடிக்காது என்றேன்.

இந்த வேலைக்கு முன்னால்
இரண்டு வருடம் கொழுந்தெடுத்தவள் நான்.
இருபது கிலோ நிறைந்தால் பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
தராசில் தூக்கியதும் ஒரு குரல் கழிக்கும்:
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
வெயில் கொளுத்திய நாளிலும் ஈரத்துக்கு இரண்டு.
அந்த இரண்டு கிலோ எங்கே போனதென்று
எந்தக் கொப்பியிலும் இல்லை.

நேற்று இராத்திரி பிறேக்கை எடுத்தேன்.
உருளை பின்பக்கமாகச் சுழன்றது.
முந்நூறு வாட் மணி உள்ளே போட்டிருந்தோம்,
நூற்றெழுபது திரும்பி வந்தது.
தக்‌ஷிலா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள்.
நான் எழுதினேன்:
கியர்ச் சூட்டுக்கு அறுபத்தைந்து
(தொட்டுப் பார்த்தேன், சுட்டது).
கப்பிக்கு நாற்பத்தாறு.
தண்ணீர் எடுத்துக்கொண்டது வெறும் நான்கு.
மிச்சம் பதினைந்து:
‘தெரியவில்லை.’
அப்படி எழுதலாமா என்று கேட்டேன்.
அப்படித்தான் எழுத வேண்டும் என்றாள்.
அந்தச் சொல்லை இன்னொரு முறை
அழுத்தி எழுதினேன்.

அந்த நூற்றெழுபதும் வீணாகவில்லை.
ஜெனரேற்றரிலிருந்து நேராக ஒரு வயர்,
வயர் முனையில் இரண்டு லீற்றர் கேத்தல்.
கீழே கொதிகலன் ஏற ஏற
கேத்தல் முணுமுணுத்தது.
இருபது மீற்றர். பதினான்கு. எட்டு.
சூசைமுத்து கோப்பைகளை வரிசையாக வைத்தார்.
கொதி வருவதற்குச் சற்று முன்னால்
பாசியும் குளிரும் வடிய
கொதிகலன் மேலே வந்து முதுகைக் காட்டியது.
கேத்தலின் விளக்கு அணைந்தது.

சாயம் முழுசாக இறங்காத பிளேன்டீ.
நாலு பேரும் குடித்தோம்.
கொப்பியில் அந்தத் தேதிக்கு நேரே
‘அரைப்பேர்’ என்று போட்டேன்.
“அது என்ன அலகு?” என்றாள் தக்‌ஷிலா.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.
மழை நோர்வூட்டைத் தாண்டிப் போனால்,
மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்தால்,
மறுபடி இழுக்க வேண்டும்.
கியருக்கு வேறு எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.