கைகாரி

போர்வெனீரில் கதவைத் திறப்பது நாமில்லை,
காற்றுதான்.
நாம் கைப்பிடியைச் சும்மா தொட்டுக்கொண்டிருப்போம்.

ஆகஸ்டுக் காலை ஒன்றில், நண்டு ஆலை வாசலில்,
ரோசமெல் பார்ரியாவின் கையிலிருந்து
கதவைப் பறித்துச் சுவரில் அறைந்தது அது.
கண்ணாடி முழுக்கக் கொட்டிப்போனது.
வேலையில் அவனுக்கு அது முதல் நிமிடம்.

பின்னால் நின்றவள் நான்.
எனக்கும் அன்றுதான் முதல் நாள்.
அதே காற்று உள்ளே போய்ச் சுழன்று
மேற்பார்வையாளர் திராகோவின் மேசையிலிருந்து
வருகைத் தாளைக் கிளப்பிவிட,
அது பறந்து வந்து
ஈரமான என் மழைக்கோட்டில் ஒட்டிக்கொண்டது.
நழுவாமல் உள்ளங்கையால் அழுத்தினேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

"கைகாரி" என்றார் திராகோ என்னைப் பார்த்து.
அவனைப் பார்த்து, "கண்ணாடிக்காரன்."

பிறகு ஒன்பது பருவங்கள்.
நான் தாமதித்தால்
"ஒதில்யாவுக்கு உடம்பு சரியில்லையோ, யாராவது கேளுங்கள்."
அவன் தாமதித்தது மொத்தம் மூன்று தடவை.
மூன்றுக்கும் ஒரே வார்த்தை: "பார்த்தீர்களா?"
விடியுமுன் வந்து அவன்
தொட்டிகளுக்குப் பனிக்கட்டி உடைத்துவைத்த நாட்களில்
பார்க்க அங்கே ஆளில்லை.

நண்டுக் காலை உடைத்து
ஒரே இழுப்பில், முறியாமல், சதையை உருவ
அவனால்தான் முடியும்.
என் தட்டில் எப்போதும் துணுக்குகள்.
தராசு தினமும் அதைச் சொன்னது.
ஆள் விட்டுத்
தராசைப் பழுதுபார்த்தார்கள்.

அந்த அக்டோபர் இரவு
குளிர் அறையின் கொண்டியைப் போடாமல் போனவள் நான்.
காலையில் நாற்பது பெட்டி நண்டு
தரையெங்கும் உருகி வழிந்துகொண்டிருந்தது.
திராகோ யாரையும் கேட்கவில்லை.
கதவு என்றாலே அவன்தானே.
அவர் தலை தானாகவே
ரோசமெல் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.
நான் அப்போது தொட்டியடியில்
கை கழுவிக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொரு நகக்கண்ணாக, வெகு நேரம்.
மூன்று நாள் கூலி பிடித்தார்கள்.
அவன் வாயைத் திறக்கவில்லை.
ஒரு கதவைப் பற்றி
ஒருவன் எத்தனை தடவைதான் சொல்வான்.

இன்றும் ஷிஃப்ட் மாறும்போது
தோளை முட்டுக்கொடுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு
இருபத்திரண்டு பேரையும் உள்ளே விட்டு
கடைசியாகத்தான் அவன் நுழைவான்.
"பயம் இன்னும் போகவில்லை பாருங்கள்"
என்று சிரித்தபடி எல்லாரும்
அந்தத் தோளைத் தாண்டி வருவார்கள்.

திராகோ ஓய்வு பெற்றதும்
நாற்காலி யாருக்கு வந்தது என்று
சொல்ல வேண்டியதில்லை.

இன்று காலை ஒரு புதுப் பெண்
வாசலில் நின்று இரண்டு தடவை தும்மினாள்.
பெயர் கேட்பதற்குள்
என் மனசில் ஒரு பேனா
"சீக்காளி" என்று எழுதி முடித்திருந்தது.
திராகோவின் கையெழுத்தில்.

அவள் பெயர் அயெலென் மன்சீயா.
அதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

அவள் போனபின் பழைய பதிவேட்டை எடுத்தேன்.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டு.
பார்ரியா, ரோசமெல். குறிப்பு: கவனக்குறைவு.
நீல மை கொஞ்சம் வெளிறியிருந்தது,
படிக்க முடியாத அளவுக்கு இல்லை.
பக்கத்தில் எழுதினேன்:
அன்று காற்று அடித்தது.

குளிர் அறையைப் பற்றி எழுத வேண்டிய பக்கம்
இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.
விரலை இடையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
மை இருக்கிறது.
தாளில் இடமும் இருக்கிறது.