எந்தக் கணக்கு

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சொல்ல வேண்டும்.
இன்றைக்குப் புதன். மழை.
ஜம்பட்டா வீதியில் தண்ணீர் ஏறி
அப்பாவின் ஓட்டோ ஒழுங்கை மேட்டில் ஒதுங்கி நிற்கிறது.
பின் சீட்டில் நான்.
மடியில் இரண்டு கடிதம்.

ஒன்று கம்பஸில் இருந்து. பழுப்புக் காகிதம்,
பாதி விழுந்த முத்திரை, கணிதம்.
தொடங்கும் திகதி பின்னர் அறிவிக்கப்படும்.
மற்றது பளபளப்பு. பம்பலப்பிட்டியில்
கண்ணாடிக் கட்டடம், ஏழாம் மாடி, நிதியியல்.
அரைக் கட்டணத்தைத் தாங்கள் தருவதாக
ஒரு லீசிங் கம்பனி கையொப்பம் வைத்திருக்கிறது.
அந்தப் பெயர் எனக்குப் பழக்கம்.
எங்கள் குசினிக் கலண்டரில் நாலு வருடம்
மாதாமாதம் பதினைந்தாம் திகதியை
அம்மா சிவப்புப் பேனையால் வளைத்துவிட்டு
பக்கத்தில் எழுதிவைத்த பெயர்.

பதினாலு வீதம் என்றான் அப்பாவிடம்
ரை கட்டின பொடியன். நல்ல சிரிப்பு அவனுக்கு.
எனக்குப் பதினைந்து வயது,
வகுப்பில் பெருக்கல் விருத்தி ஓடிக்கொண்டிருந்தது.
கரண்ட் இல்லாத ஓர் இரவு
ஃபோன் வெளிச்சத்தில், விஞ்ஞானக் கொப்பியின் கடைசித் தாளில்,
நாற்பத்தெட்டுத் தவணையையும் ஒவ்வொன்றாய்ப்
பின்னால் நடத்திக் கூட்டிவந்தேன்.
கடன் குறைந்துகொண்டே போகிறது, வட்டி குறையவில்லை.
முதல் நாள் வாங்கின முழுத் தொகைக்கும்
கடைசி மாதம் வரைக்கும் வட்டி.
ஓர் ஊகம், பிழை.
இன்னோர் ஊகம், கொஞ்சம் சின்னப் பிழை.
அப்படியே சுருங்கிச் சுருங்கி
மின்கம்பியில் காகம் மாதிரி
விடை ஆடி ஆடி வந்து இருந்தது:
மாதம் இரண்டுக்கு மயிரிழை கீழே.
வருடத்துக்கு இருபத்துநாலு.

பதினாலு இல்லை.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை:
அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமிக்கொண்டு கிடக்க
கொப்பியைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
அவ்வளவு வடிவாக இருந்தது அது.
என் வீட்டைக் கொள்ளையடித்த எண்
எனக்கு வடிவாகத் தெரிந்தது.
அந்தச் சிரிப்பை எந்தக் கடிதத்துக்குள் போடுவது?

ஷஸ்னா காசு கட்டிவிட்டாள், அதே ஏழாம் மாடிக்கு.
"கலண்டரில வட்டம் போடுற பக்கம் இருந்தது போதும்டி,
தவணை எழுதுற பக்கம் நாங்களும் ஒருக்கா இருந்து பார்ப்பம்" என்கிறாள்.
பிழை பிடிக்க முடியவில்லை. பிடிக்கத்தான் பார்த்தேன்,
இரண்டு நாளாக.
நான் அங்கே போனால்
பதினாலு என்று சிரிக்கிற பொடியனுக்கு
மேசையில் இருபத்துநாலை எழுதிக் காட்டலாம்.
அது அவனுக்கும் தெரிந்திருந்தால்?
எனக்கும் ஒரு நாள் அந்தச் சிரிப்பு வந்துவிட்டால்?

மழை விட்டது. பொரளைக்கு ஒரு அம்மா ஏறுகிறார்,
நனைந்த பையும் மருந்துத் துண்டுமாக.
நான் ஓரத்துக்கு நகர்கிறேன். அப்பா மீற்றரைப் போட்டுவிட்டு
வழமைபோல் தொடங்குகிறார்:
"என்ட மகள். கணக்குப் படிக்கப் போறா."
"எந்தக் கணக்கு? பேங்க் கணக்கோ?"

ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு.
அப்பா கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார்.
அவருக்கு இரண்டும் ஒரே சொல்,
நானும் இத்தனை நாள் அந்தச் சொல்லுக்குள்தான்
மழைக்கு ஒதுங்கி நின்றேன்.

"இல்லை" என்றேன். "மற்றக் கணக்கு."
"அதைப் படிச்சு என்ன செய்யிற?" என்றார் அந்த அம்மா,
உண்மையாகவே அறிய விரும்பி.
பச்சை விழுந்து பின்னால் ஹோர்ன் கத்துகிறது.
அப்பா ஒன்றும் கேட்கவில்லை, கியரை மாற்றுகிறார்.
இருபத்துநாலை அவருக்கு
இன்னும் நான் சொல்லவில்லை.