அன்புள்ள முதற்பெயர் அவர்களுக்கு

என்றுதான் வந்தது முதல் மின்னஞ்சல்.
எந்திரம் பெயர்த்த தமிழ்.
பெயர் நிரப்பவேண்டிய பள்ளத்தை
அப்படியே விட்டிருந்தார்கள்.
செக்காலையில் மின்சாரம் போயிருந்தது.
மடிக்கணினி வெளிச்சத்தில்
தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

நான் கேட்டிருந்தது ஒரே கேள்வி:
புதுவயல் அரிசி ஆலைக்கு எதிரே
அடைக்கலமேரி நடத்தும் மெஸ்ஸில்
உங்கள் பேசும் பெட்டி
வராத பணத்தை வந்ததென்று அறிவிக்கிறது.
பதினோரு நாளில்
நாலாயிரத்து இருநூற்று முப்பது ரூபாய்.
ஏன்?

வாடிக்கையாளர் நம்பிக்கையே எங்கள் மூச்சு,
என்றது பதில்.
மறுபடி கேட்டேன்.
உங்கள் அக்கறையை மதிக்கிறோம்,
இணைப்பில் நிறுவனர் புன்னகைக்கும் படம்,
மூன்று அளவுகளில்.
இம்முறை பெயர் இருந்தது:
திண்ணப்பன் அல்ல, தின்னப்பன்.

பிறகு தன்வி என்று ஒருத்தி எழுதினாள்.
எந்திரம் இல்லை, ஆள்.
"இது பதிவுக்கு அல்ல" என்று ஆரம்பித்து
புது மென்பொருளில் பிழை,
ஜூனிலேயே தெரியும்,
தீபாவளி விற்பனை முடியட்டும் என்கிறார்கள்,
என்று முடித்திருந்தாள்.

பதிவுக்கு அல்ல என்பது
இருவர் போடும் ஒப்பந்தம்.
அவள் கை நீட்டினாள்.
நான் பிடிக்கவில்லை.
பிடிக்காத கையை
இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்தொகை என்றால் இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும்.
பற்றும் வரவும்
காசு பிசகாமல் கோட்டுக்குக் கீழே சந்திக்கவேண்டும்.
ஒருபக்கம் மட்டும் எழுதினால்
அது கணக்கல்ல, கோள்.
அதனால் எல்லாக் கடிதங்களையும் போடுவதென்று முடிவு.
அவர்கள் எழுதியது, நான் எழுதியது,
பதினான்கும்,
வெட்டாமல், ஒட்டாமல்,
என் மாதமிருமுறை இதழின் நடுப்பக்கங்களில்.

பக்கம் கட்டும் இரவில்தான்
ஐந்தாவது கடிதத்தைச் சரியாகப் படித்தேன்.
என்னுடையது.
"சோதித்துப் பார்க்கப் பெட்டி ஒன்று அனுப்ப இயலுமா?
கூடவே உங்கள் புதிய இயர்போனும் கிடைத்தால்
மகிழ்ச்சி."
படிக்கும்போது
அந்த இயர்போன்தான் காதில் பாடிக்கொண்டிருந்தது.

கழற்றி மேசைமேல் வைத்தேன்.
எந்திரம் என் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது.
ஐந்தாவதை எடுத்துவிட்டால்
பதின்மூன்று என்று யார் எண்ணப்போகிறார்கள்?
அதே எழுத்து அளவில்
அதுவும் போனது.

அச்சாகி மைகூடக் காயவில்லை,
தன்வியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:
"பேரை மட்டும் எடுத்துடுங்க சார்.
நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன்."
எண்ணூறு பிரதி.
அச்சக செய்யதும் நானும்
ஆளுக்கொரு கறுப்பு மார்க்கர்,
விடியும்வரை அந்த மூன்றெழுத்தை
எண்ணூறு முறை அழித்தோம்.
அவள் சொன்னதை அழிக்கவில்லை.
அதைச் சொல்லக்கூடியவர்
அந்த அலுவலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று
செய்யது கேட்டான்.
வெளிச்சத்துக்கு எதிரே ஒரு தாளைப் பிடித்தேன்.
கறுப்புக்கு அடியிலிருந்து
த, ன், வி.

சந்தை நாளில் மெஸ்ஸுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன்.
அடைக்கலமேரி கையைத் துடைத்துக்கொண்டு
கல்லாவருகே நின்று
பதினான்கையும் படித்தார்.
ஐந்தாவதில் ஒருமுறை நிமிர்ந்து
என் காதைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கடைசிப் பக்கத்தைப் புரட்டி,
பின்னால் ஏதாவது உண்டா என்று பார்த்து,
"எல்லாம் சரிதான்யா.
இதுல என் நாலாயிரத்து இருநூத்தி முப்பது
எந்தக் கடுதாசில இருக்கு?"

பெட்டி குறுக்கிட்டது:
அறுபது ரூபாய் பெறப்பட்டது.

சாப்பிட்டவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.
"இருங்க தம்பி" என்றபடி
அடைக்கலமேரி போனை எடுத்தார்.
திரையில் வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.