எஸ்ஸுக்குப் பின்னால்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஏத்தன்குலை தொங்கும் கடையின் மாடியில் கோச்சிங்.
நைட் முடிந்து நேரே போவோம்,
ரெஜிலாவும் நானும்,
கையில் ஸ்பிரிட் வாசம் போகாமல்.
இன்றைய பாடம்:
பலருக்குச் சொந்தமானதை எழுதுவது எப்படி.

ஒருத்தியின் பொருள் என்றால்
எஸ்ஸுக்கு முன்னால் ஒரு கமா,
தரையில் அல்ல, மேலே,
விழலாமா என்று நிற்கும் டிரிப் சொட்டுபோல.
பலரின் பொருள் என்றால்
எஸ் முதலில், சொட்டு அதன் பின்னால்.
அவ்வளவுதான்.
அவ்வளவுக்கு நாலு மார்க்.

வாயால் சொன்னால் வித்தியாசம் இல்லை.
நர்சஸ், நர்சஸ், நர்சஸ்.
மூன்று விதமாக எழுதியதை
மூன்று தடவை வாசித்துக் காட்டினாள் ரெஜிலா.
ஆள் பலர் என்பதும்
அவர்களுக்கு ஏதோ சொந்தம் என்பதும்
காதில் ஏறவே ஏறாது.
சம்பளக் கூட்டத்தில் நாங்கள் பேசியதும்
அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

நம்மிடம் இந்தக் குழப்பம் கிடையாது.
முதலில் கள், அப்புறம் இன்.
ஆள்களை எண்ணி முடித்துவிட்டுத்தான்
பொருளை எடுத்துக் கொடுக்கும் தமிழ்.
கள் என்றதும்
பின் பெஞ்சில் பிஜோ சிரித்தான்.
அவனுக்கு அயர்லாந்து கிடைக்காது.

மூன்றாம் மாடியில் லிஃப்டை ஒட்டி
எங்கள் அறைக் கதவில் ஒரு வெள்ளைப் பலகை.
ஆறு வருஷமாகப் பார்க்கிறேன்,
அன்றைக்குத்தான் வாசித்தேன்.
கமா எஸ்ஸுக்கு முன்னால்.
ஒரு நர்ஸின் அறை.
அதனால்தானா
ஒரு கட்டில், ஒரு தலையணை,
தாழ்ப்பாள் இல்லாத ஒரு கக்கூஸ்?
நாங்கள் பத்தொன்பது பேர்.
யார் அந்த ஒருத்தி என்று
கட்டன் குடித்தபடி யோசித்தோம்.
"யாரா இருந்தாலும், பிள்ளே,
அவ காலை நீட்டி ஒறங்கியிருப்பா" என்றாள் அனிஷ்டா.

போன மாசம் தங்கச்சியின் மனசம்மதத்துக்கு
மூன்று நாள் லீவு கேட்டிருந்தேன்.
இங்கிலீஷில் லீவுகூட நாள்களுக்குத்தான் சொந்தம்.
கமாவை முன்னால் போட்டுவிட்டேன்.
ஒரு நாள் கிடைத்தது.
டெல்பின் மேடம் இலக்கணம் பார்த்திருக்க மாட்டார்.
ஆனாலும்.

ராத்திரி இரண்டே முக்கால்.
ஏழாம் பெட்டுக்கு சுகர் பார்த்துவிட்டு
ஒயிட்னரை எடுத்துக்கொண்டு போனோம்.
பழைய சொட்டின் மேல் ஒரு தொடு.
ஊதி ஊதிக் காயவைத்தோம்.
கேனுலா பிளாஸ்டரில் தேதி குறிக்கும் பேனாவால்
எஸ்ஸுக்குப் பின்னால் புதுசாக ஒன்று.
கை நடுங்கவில்லை,
நரம்பு தேடிப் பழகிய கை.

குழந்தைகள் வார்டையும் மாற்றலாம் என்று
ரெஜிலா ஓடினாள்.
நில்லு என்றேன்.
அங்கே கமா முன்னால் இருப்பதே சரி.
அந்தச் சொல்
எஸ் வருவதற்கு முன்பே கூட்டமாகிவிட்டது.
பெண்கள் வார்டும் அப்படியே.
எஸ் சேர்ந்தால்தான் பலர் என்று
எண்ணப்படுகிறவர்கள் நாங்கள்.

காலையில் விமலபாய் வந்தாள்,
பக்கெட், துணி, லோஷன்.
பலகையில் புதிதாக ஒரு கறை.
அவள் வேலையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை,
அழுத்தித் துடைத்தாள்.
ஒயிட்னர் அசையவில்லை.
பேனா மை போய்விட்டது.

இப்போது முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.
பலர், ஓர் அறை,
இடையில் ஒன்றுமில்லை.

சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.
அதே சத்தம்தான்.

உள்ளே ரெஜிலா
சுவரோடு ஒட்டி ஒருக்களித்துக் கிடந்தாள்,
கட்டிலில்
எனக்குப் பாதி விட்டு.