அறுபத்து மூணாம் நம்பர்

வெள்ளகோவில் குழந்தைவேல் அண்ணனுக்கும் எனக்கும்
மூன்று வாரமாக நடப்பது சண்டைதான்.
கேட்பவர்களுக்கு அப்படித் தெரியாது.
"நீங்க சொல்றது தப்புங்க அம்மிணி" என்பார்.
"தப்புன்னா தப்பாவே இருந்துட்டுப் போகுதுங்க" என்பேன்.
இதுவரை ஒரு 'ங்க' கூடக் கீழே விழவில்லை.

பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டை.
நூற்று முப்பத்திரண்டில் அறுபத்து மூன்று.
ஸ்டம்புக்குப் பின்னால் ஒருவர் குந்தியிருக்கிறார்,
பந்து அட்டைக்கு வெளியே எங்கோ வந்துகொண்டிருக்கிறது.
என் ஆல்பத்தில் அந்த ஓர் உறை மட்டும்
இருபத்தாறு வருடம் முன்பல் விழுந்த வாய்.

ஆயிரத்து நானூறு என்றார்.
மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து
விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது.
எங்களுக்கு வாட்சப்தான் துண்டு.
ஆயிரத்து நூறு என்றேன்.
'டைப்பிங்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.
"ஆயிரத்து எரநூறுங்க. அதுக்குக் கீழ கேக்காதீங்க,
எனக்கு இல்லைன்னு சொல்ல வராது."
கேட்கவில்லை.
பேசி முடித்த விலையைக் கிளறுவது
பந்தியில் உட்கார்ந்தபின் இலை சின்னது என்பதுபோல.

போட்டோ அனுப்பினார்.
இடது கீழ் மூலையில் அவர் கட்டைவிரல்.
விரலை எடுத்துவிட்டு இன்னொன்று கேட்டிருக்க வேண்டும்.
அண்ணா என்று கூப்பிட்ட பிறகு
எப்படிக் கேட்பது?

பணம் போட்டேன்.
காங்கயம் வழியாக வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.
திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில்
டிரைவருக்கு நாற்பது ரூபாய் கொடுத்தேன்.
எஞ்சின் பெட்டிமேல், முருங்கைக்காய்க் கட்டுக்கு அடியில்,
யாருடைய கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள்ளோ
ஸ்டம்புக்குப் பின்னால் அவர்
குந்தியபடியே வந்திருந்தார்.

பதினொரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் எனக்கு.
நாளுக்கு எண்ணூறு உருப்படி.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது,
ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.
அட்டையை டியூப்லைட்டுக்குச் சாய்த்ததும்
கை தானாக ஸ்டிக்கரைத் தேடியது.
கட்டைவிரல் இருந்த இடத்தில் மடிப்பு.
மடிப்பின்மேல் ஒரு பளபளப்பு.
அயர்ன் பண்ணியிருக்கிறார்கள்.
மேலே துணி போடாமல்.

"பஸ்ஸுல மடங்கியிருக்கும்ங்க. முருங்கக்காய்க் கட்டுன்னீங்களே."
"முருங்கக்காய் அயர்ன் பண்ணாதுங்கண்ணா."

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும்.
பிறகு, "வீட்ல பண்ணிட்டாங்க. நல்லாருக்கட்டும்னுதான்.
நான் பாத்தேன். சொல்லலை."
தறியை நிறுத்திவிட்டு
மறுபடி ஒருமுறை சொன்னார்: "சொல்லலைங்க."

ஆயிரத்து இருநூறைத் திருப்பித் தருவாராம்.
பஸ்ஸுக்குப் போன நாற்பது, திரும்பப் போகிற நாற்பது?
"வந்தது உங்களுது, வரப்போறது எம்பட" என்கிறார்.
பொருளில் குறையென்றால் போக்கும் வரத்தும் விற்றவருடையது,
எங்கள் கம்பெனியில் அப்படித்தான் என்கிறேன்.
"இது கம்பெனி இல்லீங்க அம்மிணி."
அட்டை என்னிடம், பணம் அவரிடம்,
நாற்பது ரூபாய் நடுவில் காங்கயத்தில் எங்கோ நிற்கிறது.

இன்று காலை ஒரு போட்டோ.
தொண்ணூறாம் நம்பர். வெள்ளைத் துண்டின்மேல் தனியாக.
நான்கு மூலையும் தெரிந்தன. விரல் இல்லை.
பின்பக்கம் வேறு, ஒரு பேனாக் கோட்டோடு.
"கோடு இருக்குதுங்க. வெலை நீங்களே சொல்லுங்க."

சொல்லவில்லை இன்னும்.
கரூர்ப் பையன் ஒருவனுக்குப் போன வருடம்
பதினெட்டாம் நம்பரை விற்றேன்,
'புதுசு மாதிரி' என்று எழுதி.
அந்த 'மாதிரி'க்குள் ஒரு குண்டூசி ஓட்டை இருந்தது.
அவன் எதுவும் கேட்கவில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

அவன் பெயரைத் தேடித் திறந்து வைத்திருக்கிறேன்.
'டைப்பிங்' என்று அங்கே அவனுக்கு
வருவதும் நிற்பதுமாக இருக்கும்.